எண்ணுக்குப் பக்கத்தில் அலகு: டேட்டாபேஸ் கான்ஃபிக் ஃபைலில் மெமரியை எப்படி எழுதுவது?

தி.நகர் உஸ்மான் ரோட்டில் எந்த நகைக்கடைக்குள் நுழைந்தாலும் விலைப் பலகையில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று கிராமுக்கு, இன்னொன்று சவரனுக்கு. ஒரு சவரன் 8 கிராம் என்பது சென்னையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் "பத்து எடுக்கணும்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "பத்து கிராமாம்மா, பத்து சவரனா?" என்று கேட்ட பிறகுதான் கடைக்காரர் தட்டை வெளியே எடுப்பார்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கான்ஃபிக் ஃபைல், அதாவது அது எப்படி இயங்க வேண்டும் என்ற அமைப்புகளை எழுதிவைக்கும் ஃபைல், பல வருடம் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. 2005-இல் வந்த 8.1 பதிப்பின் மாதிரி ஃபைலில் ஷேர்டு பஃபர்ஸ் என்ற வரிக்கு எதிரே 1000 என்று இருக்கும். கொஞ்சம் கீழே வொர்க் மெம் (வரிசைப்படுத்துவது போன்ற வேலைகளுக்கான மெமரி) என்ற வரிக்கு எதிரே 1024. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் முதல் எண் பேஜ்களின் எண்ணிக்கை. பேஜ் என்பது டேட்டாபேஸ் தரவை மொத்தமாகக் கையாளும் துண்டு; ஒன்று 8 கேபி. ஆக 8000 கேபி. இரண்டாவது நேரடியாகக் கேபி, அதாவது ஒரே ஒரு எம்பி. ஒன்று சவரன் கணக்கு, மற்றது கிராம் கணக்கு. ஒரே ஃபைலில், சில வரி இடைவெளியில். நேரத்தைக் குறிக்கும் வரிகளும் அப்படியே: செக்பாயிண்ட் டைம்அவுட் 300 என்றால் விநாடி, டெட்லாக் டைம்அவுட் 1000 என்றால் மில்லிவிநாடி.

எந்த எண்ணுக்கு என்ன அலகு என்று பக்கத்தில் கமெண்ட்டாக எழுதியிருந்தார்கள். "ஒவ்வொன்றும் 8 கேபி" என்று ஒரு வரியில், "அளவு கேபியில்" என்று இன்னொரு வரியில். ஆனால் கமெண்ட்டை டேட்டாபேஸ் படிப்பதில்லை. ஃபைலைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது கமெண்ட்டுகளை நீக்கினால் அலகும் சேர்ந்து போய்விடும். எண் மட்டும் அனாதையாக நிற்கும்.

ஏன் பேஜ் கணக்கில் வைத்தார்கள்? நிரல் எழுதியவர் இடத்தில் நின்று பார்த்தால் அது இயல்பானது. ஷேர்டு பஃபர்ஸ் என்பது டேட்டாபேஸுக்குள்ளே வரிசையாக அடுக்கிய பெட்டிகள்; ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பேஜ் வைக்கலாம். எத்தனை பெட்டி வேண்டும் என்பதுதான் நிரலுக்குத் தேவையான எண். அந்த எண்ணை அப்படியே வெளியே நீட்டிவிட்டார்கள். சர்வரைப் பராமரிப்பவரின் கேள்வி வேறு: "இந்த மெஷினில் 1 ஜிபி ராம் இருக்கிறது, அதில் 256 எம்பி கொடுக்கலாமா?" அவர் 256-ஐ 1024-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்து, 32768 என்று எழுத வேண்டியிருந்தது. அதிலும் பேஜின் அளவு கம்பைல் செய்யும்போது (மூல நிரலிலிருந்து டேட்டாபேஸை உருவாக்கும்போது) மாற்றக்கூடியது. 1 கேபி முதல் 32 கேபி வரை வைக்கலாம். 16 கேபி பேஜோடு கம்பைல் செய்த டேட்டாபேஸில் அதே 32768 போட்டால் 512 எம்பி. எண் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

2006 டிசம்பரில் வந்த 8.2 பதிப்பில்தான் எண்ணோடு சேர்த்து அலகையும் எழுதலாம் என்று ஆனது. செய்தவர் போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் பீட்டர் ஐசென்ட்ரவுட். கேபி, எம்பி, ஜிபி மூன்றும் மெமரிக்கு; மில்லிவிநாடி முதல் நாள் வரை நேரத்துக்கு. ஷேர்டு பஃபர்ஸ் 32 எம்பி, வொர்க் மெம் 1 எம்பி என்று மாதிரி ஃபைலே புதிய உடையில் வந்தது. படித்த மாத்திரத்தில் புரிந்தது. உள்ளே இன்றைக்கும் பேஜ் கணக்குதான் ஓடுகிறது. வாசலில் மட்டும் மனிதருக்குப் புரியும் கணக்கு. என் கண்ணில் அந்தப் பதிப்பின் பெரிய வரம் இதுதான். ஆனால் பழைய ஃபைல்கள் உடைந்துவிடக் கூடாதே என்று அலகில்லாத வெறும் எண்ணையும் விட்டுவைத்தார்கள். வெறும் எண் வந்தால் அந்த அமைப்புக்கு முன்பு இருந்த அலகே பொருந்தும். அந்த ஒரு சலுகையின் விலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு மாதக் கடைசி. மாத இறுதி ரிப்போர்ட் ஒன்று மெதுவாக ஓடுகிறது என்று அலுவலகத்துத் தம்பி ஒருவனிடமிருந்து அழைப்பு வந்தபோது நான் வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் இருந்தேன். பெரிய சார்ட் (வரிசைப்படுத்தும் வேலை) ஒன்று மெமரியில் அடங்காமல் டிஸ்குக்குப் போய்க்கொண்டிருந்தது. வொர்க் மெம் அப்போது இயல்பு மதிப்பான 4 எம்பியில் இருந்தது.

"அண்ணா, எவ்வளவு போடட்டும்?"

"அறுபத்து நாலு போடுப்பா. ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம்."

"சரிண்ணா, அறுபத்து நாலு."

அவன் சொன்னதைச் சொன்னபடியே செய்தான். 64 என்று எழுதி ரீலோட் செய்தான், அதாவது ஃபைலை மறுபடி படிக்க வைத்தான். எந்தப் பிழையும் வரவில்லை. திருவான்மியூர் தாண்டுவதற்குள் திரும்ப அழைத்தான்: "அண்ணா, இன்னும் மோசமாயிடுச்சு. இப்ப எல்லா ஸ்க்ரீனும் ஸ்லோ."

64 என்று வெறுமனே எழுதினால் போஸ்ட்கிரெஸுக்கு அது 64 கேபி. நாங்கள் பதினாறு மடங்கு ஏற்ற நினைத்தோம். அறுபத்து நான்கு மடங்கு இறக்கியிருந்தோம். ஒரு ரிப்போர்ட் மட்டும் டிஸ்கில் சார்ட் செய்துகொண்டிருந்த இடத்தில், சின்னச் சின்னப் பட்டியல்கள்கூட டிஸ்குக்குப் போகத் தொடங்கியிருந்தன. இதில் என்னை இன்றும் உறுத்தும் ஒரு விவரம் உண்டு. வொர்க் மெம்முக்கு அனுமதிக்கப்பட்ட கீழ் எல்லை சரியாக 64 கேபி. அவன் 63 என்று போட்டிருந்தால் "எல்லைக்கு வெளியே" என்று லாகில் பிழை எழுதி, பழைய 4 எம்பியையே வைத்துக்கொண்டிருக்கும். 64 என்பதால் வாய்மூடி ஏற்றுக்கொண்டது.

அந்தப் பையன் மீது ஒரு குற்றமும் இல்லை. பேச்சில் நாம் அலகை விழுங்கிவிடுகிறோம், எல்லோருமே. "எட்டு ஜிபி ராம்" என்பது இரண்டாவது தடவை சொல்லும்போது "எட்டு" ஆகிவிடும். கேட்கிறவர் மனதில் அலகு இருக்கும் என்று நம்பிப் பேசுகிறோம். ஒரு கான்ஃபிக் ஃபைல் இப்படிப்பட்ட பேச்சுக்குப் பிறகு, அவசரத்தில், தூக்கக் கலக்கத்தில் திருத்தப்படும் பொருள். அதை வடிவமைப்பவர் இந்த நிலைமையை மனதில் வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

மற்ற டேட்டாபேஸ்கள் என்ன செய்கின்றன? சிலர் அலகை அமைப்பின் பெயரிலேயே ஒட்டிவிட்டார்கள். எஸ்கியூஎல் சர்வரில் "மேக்ஸ் சர்வர் மெமரி" என்ற பெயரோடு அடைப்புக்குறிக்குள் எம்பி என்று சேர்ந்தே இருக்கும். மாங்கோடிபியில் "கேஷ் சைஸ் ஜிபி" என்றே பெயர். இது நேர்மையான வழி; பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் கை கட்டப்பட்டுவிடுகிறது. எஸ்கியூஎல் சர்வருக்கு 64 ஜிபி கொடுக்க 65536 என்று எழுத வேண்டும். மாங்கோவுக்கு 768 எம்பி கொடுக்க 0.75 என்று எழுத வேண்டும். அளவு வளர வளர, பத்து வருடத்துக்கு முன் பொருத்தமாக இருந்த அலகு பெயரோடு உறைந்து நிற்கும். கசாண்ட்ரா இந்த வழியில் வெகுதூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது. "ஃபைல் கேஷ் சைஸ் இன் எம்பி", "ரீட் ரிக்வெஸ்ட் டைம்அவுட் இன் எம்எஸ்" என்று நீண்டிருந்த பெயர்களின் வாலை 2022-இல் வந்த 4.1 பதிப்பில் வெட்டிவிட்டு, அலகை மதிப்போடு சேர்த்தார்கள். பழைய பெயர்களையும் ஏற்றுக்கொள்ளும்படி விட்டுவைத்தார்கள்.

மைஎஸ்கியூஎல் ஒரு விசித்திரமான நடுவழி. கான்ஃபிக் ஃபைலில் பஃபர் பூல் (ஷேர்டு பஃபர்ஸ் போன்ற மெமரி) அளவை 8ஜி என்று எழுதலாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அதையே கட்டளையாகக் கொடுத்தால் பிழை. அங்கே பைட் எண்ணிக்கையோ, 8 பெருக்கல் 1024 பெருக்கல் 1024 பெருக்கல் 1024 என்ற கணக்கோதான் செல்லும். அந்தக் கணக்கைக் கொண்டுபோய் ஃபைலில் எழுதினால் அங்கே செல்லாது. இப்போது என்ன மதிப்பு என்று கேட்டால் 8589934592 என்று பதில் வரும். 858 கோடியே 99 லட்சத்து 34 ஆயிரத்து 592. காற்புள்ளி இல்லாமல் அந்தப் பத்து இலக்கத்தைத் திரையில் பார்த்து, காப்பி எடுக்கும்போது கடைசி இலக்கம் விட்டுப்போனால் மிஞ்சுவது 819 எம்பி. சரியான அளவு மாதிரியே இருக்கும் தவறான அளவு.

இந்த இடத்தில் போஸ்ட்கிரெஸின் நடத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். மதிப்பைக் கேட்டால் மிச்சமில்லாமல் வகுபடும் மிகப்பெரிய அலகில் சொல்லும். 2048 எம்பி கொடுத்தால் 2 ஜிபி என்று காட்டும். 2049 எம்பி கொடுத்தால் 2049 எம்பி என்றே காட்டும்; "சுமார் 2 ஜிபி" என்று மழுப்பாது. திரையில் வந்ததை அப்படியே ஃபைலில் ஒட்டலாம், அதே மதிப்பு திரும்ப வரும். 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து 1.5 ஜிபி என்று பின்னமாக எழுதினாலும் ஏற்கிறது; உள்ளே முழு எண்ணாக மாற்றிக்கொள்கிறது.

எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸைச் சொல்லாமல் விட முடியாது. அதில் கேஷ் (எடுத்த பேஜ்களை வைத்துக்கொள்ளும் மெமரி) அளவு கூட்டல் எண்ணாக இருந்தால் பேஜ் கணக்கு. கழித்தல் எண்ணாக இருந்தால் 1024 பைட் கணக்கு. கழித்தல் குறியையே அலகாக்கிவிட்டார்கள்! முதல் தடவை பார்த்தபோது மலைத்துப் போனேன். ஆனால் அதற்கு என்ன அவசியம் இருந்தது என்பது 2016-இல் தெளிவாகத் தெரிந்தது. அந்த வருடம் 3.12 பதிப்பில் பேஜின் இயல்பு அளவு 1024 பைட்டிலிருந்து 4096 ஆனது. கேஷின் இயல்பு மதிப்பு 2000 பேஜ் என்றே இருந்திருந்தால் ஒரே நாளில் நான்கு மடங்கு மெமரி செலவாகியிருக்கும். எனவே 2000-ஐ கழித்தல் 2000 ஆக்கினார்கள். பேஜ் கணக்கின் பலவீனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, அலகை எழுதலாம் என்று ஆகிவிட்டது. எந்த கேபி? 1000 பைட்டா, 1024-ஆ?

நம் ஊர்ப் படி, மரக்கால் கணக்கு இதற்குப் புதிதல்ல. 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி, 8 படி 1 மரக்கால். எல்லாம் இரண்டின் மடங்கு. பத்தைத் தேடிப் போகவில்லை. பாதி, அதில் பாதி என்று அளந்தார்கள். கணினி மெமரியும் அப்படித்தான் அளக்கிறது. 8 கேபி பேஜ் என்பது 8192 பைட். 1 எம்பி என்பதை 1024 பெருக்கல் 1024 என்று கொண்டால் சரியாக 128 பேஜ். பத்து லட்சம் பைட் என்று கொண்டால் 122 பேஜும் கொஞ்சம் மிச்சமும். மெமரியைப் பேஜ் பேஜாகக் கையாளும் நிரலுக்கு அந்த மிச்சம் ஒன்றுக்கும் உதவாது. ஆகவே போஸ்ட்கிரெஸ் 1024 என்று தேர்ந்தெடுத்தது சரி என்றே சொல்வேன்.

ஆனால் பழைய அளவைகளில் இன்னொரு சிக்கலும் இருந்ததல்லவா? பட்டணம் படி ஒரு அளவு, வெளியூர்ப் படி வேறு அளவு. சொல் ஒன்று, கொள்ளளவு வேறு. ஹார்டு டிஸ்க் விற்பவரின் ஜிபி 100 கோடி பைட். ராம் விற்பவரின் ஜிபி 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். வித்தியாசம் ஏழு சதவீதத்துக்கு மேல். டிபி என்று போனால் கிட்டத்தட்ட பத்து சதவீதம். இதைத் தீர்க்கத்தான் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் 1024 கணக்குக்கென்றே கிபி, மெபி, கிபி என்று ஒலிக்கும் முன்னொட்டுகளைக் கொண்டுவந்தது. கேஐபி, எம்ஐபி, ஜிஐபி என்று எழுத வேண்டும். தமிழில் முதலாவதையும் மூன்றாவதையும் எழுத்தில் வேறுபடுத்தவே முடியவில்லை பாருங்கள், இரண்டும் "கிபி"தான்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நயா பைசா ஞாபகம் வரும். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு 64 பைசா என்பது 100 பைசா ஆனது. பழைய பைசாவும் புழக்கத்தில் இருந்ததால் புதியதற்கு "நயா" என்று ஓர் அடைமொழி கொடுத்தார்கள். குழப்பம் தீர்ந்தபின் 1964 ஜூனில் அந்த அடைமொழியை எடுத்துவிட்டார்கள். "ஒரு நயா பைசா தேறாது" என்ற வழக்கு மட்டும் தங்கிவிட்டது. அங்கே பத்தின் கணக்கு புதியது, அதற்கு அடைமொழி. இங்கே பத்தின் கணக்குக்கு அடைமொழியில்லாத பெயரும், இரண்டின் கணக்குக்கு அடைமொழியும். முக்கியமான வேறுபாடு, ரூபாயில் அரசு ஒரு தேதியைக் குறித்தது. மெமரியில் தேதி குறிப்பார் யாருமில்லை. எனவே கசாண்ட்ரா 4.1 எம்ஐபி என்று எழுதச் சொல்கிறது, போஸ்ட்கிரெஸ் எம்பி என்றே வைத்துக்கொண்டு "இங்கே பெருக்குவது 1024-ஆல்" என்று ஆவணத்தில் சொல்லிவிடுகிறது.

ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் இரண்டு கணக்கையும் ஏற்கிறது. அங்கே 8ஜி என்றால் 800 கோடி பைட். 8ஜிபி என்றால் 8 பெருக்கல் 1024-இன் மூன்றடுக்கு. ஒரே ஒரு எழுத்து கூடினால் சுமார் 563 எம்பி கூடுகிறது. ஃபைலின் தலைப்பிலேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார்கள், அது நல்ல பழக்கம்தான். ஆனாலும் பார்வைக்குச் சுருக்கமாகத் தெரியும் ஒன்று உண்மையில் வேறு அளவாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரமும் இதோடு சேர்ந்தது. போஸ்ட்கிரெஸில் கேபி என்று எழுத சின்ன கே, பெரிய பி. இரண்டையும் பெரிதாக எழுதினால் ஏற்காது. எம்பியில் இரண்டும் பெரிது. நிறையப் பேருக்கு இது எரிச்சல். அளவியல் முறைப்படி பார்த்தால் காரணம் இருக்கிறது: சின்ன கே ஆயிரம், பெரிய கே வெப்பநிலையின் கெல்வின், சின்ன எம் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெரிய எம் பத்து லட்சம். இதை வெறும் இலக்கணம் என்று ஒதுக்க முடியாது. கன்டெய்னர்களை (தனி வரம்போடு நிரல்களை ஓட்டும் கூடுகளை) நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸில் ஒரு கன்டெய்னருக்கு மெமரி 400 என்று எழுதிப் பக்கத்தில் சின்ன எம் போட்டால் அது 0.4 பைட் கேட்டதாகப் பொருள். அவர்களுடைய ஆவணமே இதை எச்சரிக்கிறது.

தமிழில் வளர்ந்தவர்களுக்கு இதில் தனிச் சிரமம் உண்டு. நம் எழுத்தில் பெரிது சிறிது இல்லை. "எம்பி" என்று ஃபோனில் சொன்னால் எந்த எம், எந்த பி என்பது காதில் விழாது. அதனால் நான் விரும்புவது கண்டிப்பையே, ஒரு நிபந்தனையோடு: தவறாக எழுதினால் உடனே நிறுத்தி, எதுவெல்லாம் செல்லும் என்று பட்டியலைக் காட்ட வேண்டும். போஸ்ட்கிரெஸ் அதைச் செய்கிறது. செல்லாத அலகு வந்தால் செல்லுபடியாகும் அலகுகளைப் பிழைச் செய்தியோடு சேர்த்தே சொல்கிறது. காதில் தொலைந்ததைத் திரை மீட்டுக் கொடுக்கிறது.

மிச்சம் இருப்பது அந்த வெறும் எண். 2006-இல் பழைய ஃபைல்களுக்காக அதை விட்டுவைத்தது நியாயம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எச்சரிக்கைகூட இல்லாமல் ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்டேட்மெண்ட் டைம்அவுட்டுக்கு (ஒரு குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, அதிகபட்சம் ஓடக்கூடிய நேரம்) 30 என்று எழுதினால் முப்பது மில்லிவிநாடி. அரை நிமிடம் என்று நினைத்து எழுதியவரின் குவெரிகள் கண்மூடித் திறப்பதற்குள் வெட்டப்படும். முழுவதுமாகத் தடை செய்வதிலும் ஒரு முடிச்சு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 0 என்றால் "அணைத்துவிடு", கழித்தல் 1 என்றால் "நீயே பார்த்துக்கொள்" அல்லது "வரம்பில்லை" என்று பல அமைப்புகளில் பொருள். அவற்றுக்கு அலகு கேட்பது அபத்தம். எனவே 0-க்கும் கழித்தல் 1-க்கும் விலக்கு, மற்ற எல்லா எண்ணுக்கும் ஃபைலின் பெயரோடும் வரி எண்ணோடும் லாகில் ஓர் எச்சரிக்கை. என் கோரிக்கை அவ்வளவுதான்.

சதவீதத்தில் எழுத அனுமதிக்கலாமே என்று சில நண்பர்கள் கேட்பார்கள். ஷேர்டு பஃபர்ஸுக்கு ராமில் கால் பங்கு என்பது ஆவணமே தரும் தொடக்க அளவு. 25 சதவீதம் என்று எழுதினால் எந்த மெஷினிலும் பொருந்துமே என்று. கேட்க இனிமையாக இருக்கிறது. எதில் 25 சதவீதம்? மெஷினில் 128 ஜிபி, கன்டெய்னருக்கு விதித்த வரம்பு 8 ஜிபி என்றால் எது முழுமை? தவறான முழுமையைப் பிடித்தால் 32 ஜிபி கணக்கு வைத்து, 8 ஜிபி வரம்பைத் தாண்டும்போது கன்டெய்னர் சாகும். அலகு இல்லாத எண்ணிலிருந்து தப்பித்து, எதன் பங்கு என்று சொல்லாத பங்கில் போய் விழுவோம்.

எங்கள் குழுவில் இப்போது கான்ஃபிக் ஃபைல் எதுவும் இன்னொருவர் பார்க்காமல் சர்வருக்குப் போவதில்லை. மெமரிக்கோ நேரத்துக்கோ உரிய வரியில் அலகு இல்லாவிட்டால் ஒரு சிறு ஸ்கிரிப்ட் அதை மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸில் பிஜி செட்டிங்ஸ் என்ற வியூவில் (அட்டவணை மாதிரிப் பார்க்கக்கூடியது) ஒவ்வொரு அமைப்புக்கும் அலகுக்கென்று ஒரு பத்தி இருப்பதால் அந்த ஸ்கிரிப்டை எழுத அரை நாள்கூட ஆகவில்லை. ரீலோட் செய்வதற்கு முன் பிஜி ஃபைல் செட்டிங்ஸ் வியூவில் பிழை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுகிறோம். அன்று ஃபோனில் பேசிய தம்பிதான் இப்போது அந்த ஸ்கிரிப்டைப் பராமரிக்கிறான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அவன் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "அறுபத்து நாலு எம்பிம்மா. எம் பெருசு, பி பெருசு. எழுதிட்டு எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டு."